அபூர்வம் என்னும் சாக்கு

பூஞ்சை என்பது பலவீனப்பட்ட சரீரத்தைத் தேடி வந்து பற்றிக்கொள்ளும் வியாதி. சர்க்கரை நோயாளிக்கும், ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உட்கொண்டவருக்கும், புற்றுநோய்ச் சிகிச்சையால் வெள்ளணுக்கள் வற்றிப்போனவருக்கும் அது வரும். ஏனையோருக்கு வந்தால் அவர்களும் எவ்வகையிலோ பலவீனப்பட்டவர்களாகத்தான் இருக்க வேண்டும். பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தியில் ஊனம் உள்ளவர்கள் லட்சத்தில் ஒருவர்கூடத் தேறமாட்டார்களாதலால், அவர்களைத் தேடிக் காலத்தையும் பொருளையும் செலவிடுவது நம்மைப் போன்ற தேசத்துக்கு அடாது. அப்படியே தேடிக் கண்டுபிடித்தாலும் கொடுக்கப்போவது அதே பூஞ்சை மருந்துதானே, பிறகு பெயர் தெரிந்து என்ன பிரயோஜனம் என்று ஓர் அபிப்பிராயம் வைத்தியர்களிடையிலும் சுகாதார அதிகாரிகளிடையிலும் படித்த குடும்பங்களிலும் ஆட்சேபிப்பாரின்றி வழங்கி வருகிறது. இதன் ஒவ்வோர் அங்கமும் தவறு என்பதும், தவற்றுக்கான விலையைப் பெரும்பாலும் குழந்தைகளே கொடுக்கிறார்கள் என்பதும் என் கட்சி.

எதிர்க்கட்சியாரை இகழ்வது என் நோக்கமன்று. காலை எட்டு மணிக்கு வெளிநோயாளர் பிரிவில் உட்கார்ந்து பிற்பகல் வரை தலைநிமிர நேரமின்றி நோயாளிகளைப் பார்த்து அனுப்பும் அரசு மருத்துவர், கண்முன் மிகுதியாகக் காண்பதையே முதலில் நினைப்பார், நினைக்கவும் வேண்டும். 2021-ஆம் ஆண்டில் கொரோனாவின் இரண்டாம் அலையைத் தொடர்ந்து கறுப்புப் பூஞ்சை நம் தேசத்தில் ஜூன் மாத முடிவுக்குள் 40,000-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றியதும், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகளாகவோ, அளவுக்கு மீறி ஸ்டீராய்டு பெற்றவர்களாகவோ, அல்லது இரண்டுமாகவோ இருந்ததும் அந்த நினைப்பைப் பின்னும் உறுதிப்படுத்திவிட்டன. பெரும்பான்மையோர் விஷயத்தில் அந்த அநுபவம் மெய்தான். பெரும்பான்மைக்குப் பொருந்திய மெய்யை விதிவிலக்கில்லாத சட்டமாக ஆக்கி, அச்சட்டத்துக்குள் அடங்காத நோயாளியைக் கண்டபோது சட்டத்தைச் சந்தேகிக்காமல் நோயாளியைச் சந்தேகிக்கப் புகுந்ததுதான் பிழை. 'வீட்டில் சுத்தம் போதாது', 'பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை', 'மருந்தைப் பாதியில் நிறுத்தியிருப்பீர்கள்' என்றெல்லாம் தாய்மார் கேட்க நேர்வது அங்கேதான்.

முதலில் அஸ்திவாரத்தைப் பார்ப்போம். எதிர்ப்புச் சக்தி என்பது குடத்து நீரைப் போல் ஒருவரிடம் தளும்பியும் மற்றொருவரிடம் அடிவண்டலாகவும் இருக்கும் ஒரே வஸ்து என்றும், அது குறைந்தால் எல்லா வியாதியும் வந்து, மொண்டு ஊற்றினால் எல்லா வியாதியும் விலகும் என்றும் கொள்வதே இவ்வாதம் முழுமைக்கும் ஆதாரம். கஷாயப் பொடி விற்பவர்களும் சத்து மாவு விற்பவர்களும் இந்த நம்பிக்கையைக் கொண்டு ஜீவனம் நடத்துகிறார்கள்; அது வியாபாரம், விட்டுவிடலாம். உடற்கூறும் நோய்க்கூறும் பயின்று பட்டம் பெற்றவர்களும், ஆறு மாதமாகச் சுரம் விட்டுவிட்டு வரும் குழந்தையின் கன்னத்தைத் தட்டி, 'இம்யூனிட்டி கொஞ்சம் கம்மி, டானிக் எழுதியிருக்கிறேன்' என்று அனுப்பிவைப்பதைத்தான் விட முடியவில்லை.

1952-ஆம் ஆண்டில், அமெரிக்க ராணுவ மருத்துவரான ஆக்டன் புரூட்டன் என்பவர், ரத்தத்தில் கிருமி பரவித் திரும்பத் திரும்ப மரணத்தின் வாயில்வரை சென்று மீண்டுகொண்டிருந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுடைய ரத்தத்தில், எதிர்ப்பொருள்கள் அடங்கிய காமா குளோபுலின் என்னும் புரதப் பகுதி காணப்படவே இல்லை என்று கண்டார்; வெளியிலிருந்து அதைச் செலுத்தியதும் சிறுவன் தேறினான். அவனைப் போன்ற பிள்ளைகளை நிமோனியா உண்டாக்கும் பாக்டீரியாக்கள் ஓயாமல் வாட்டுகின்றன. ஆனால் பூஞ்சை அவர்களுடைய பிரதான சத்துரு அன்று. எதிர்ப்பொருள் அறவே இல்லாத சரீரம் பூஞ்சையைப் பெரும்பாலும் சமாளித்துக்கொள்கிறது என்ற இந்த ஒரு விஷயமே, எதிர்ப்புச் சக்தி ஒரே வஸ்து என்னும் கொள்கையை நிலைகுலையச் செய்யப் போதுமானது. இதற்கு நேர் எதிரிடையான மனிதர்களும், அதாவது பாக்டீரியாவுக்கும் வைரஸுக்கும் அஞ்சாமல் நெடுங்காலம் வாழ்ந்தும் பூஞ்சைக்கு மட்டும் இரையாகிறவர்களும், உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய சரித்திரத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

படர்தாமரையை அறியாதவர் நம் ஊரில் இல்லை. வேட்டியோ பாவாடை நாடாவோ அழுந்தும் இடுப்பில், வியர்வை தங்கும் மடிப்பில், நாலணாக் காசு அளவில் தோன்றி, விளிம்பு சிவந்து தடித்து, நடுவிடம் தெளிந்து, வட்டம் வட்டமாகப் பரவும், அரிப்புத் தாளாது, மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவினால் இரண்டு நாள் அடங்கி, பின்பு முன்னிலும் பெரிதாக எழும்பும். ஆனால் எவ்வளவு பரவினாலும் இந்தப் பூஞ்சை தோலின் மேற்படையில் உள்ள உயிரற்ற பொருளைத் தின்று வாழ்வதேயன்றி, அதற்குக் கீழே உயிருள்ள திசுவுக்குள் இறங்குவதில்லை. அல்ஜீரியாவிலோ, சில குடும்பங்களில், இதே பூஞ்சை தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கி, முடிச்சு முடிச்சாக வீங்கிப் புண்ணாகி, நிணநீர்க் கணுக்களை அடைந்து, சிலருக்கு எலும்பையும் மூளையையும்கூடப் பற்றிக் கொன்றது. அல்ஜியர்ஸ் நகரத்துத் தோல் மருத்துவர்கள் இதைக் கண்டு வியந்து 1959-ஆம் ஆண்டிலேயே தனி வியாதியாக வருணித்து எழுதினார்கள். வருணித்தார்களே ஒழியக் காரணம் புலப்படவில்லை. அந்நோயாளிகளுக்குச் சர்க்கரை இல்லை, ஸ்டீராய்டு இல்லை, வேறு தொற்றும் இல்லை. பலவீனர் என்று சொல்ல எந்த முகாந்தரமும் இல்லாத அவர்கள், அரை நூற்றாண்டுக்கு மேலாக, விளக்கப்படாத விநோதங்களாகவே மருத்துவ ஏடுகளில் கிடந்தார்கள்.

விளக்கம் வேறொரு தேசத்திலிருந்து வரத் தொடங்கியது. ஈரானில் உறவுக்குள்ளேயே மணந்து ஐந்து தலைமுறையாகப் பெருகிய ஒரு குடும்பத்தில் 36 பேரைப் பரிசோதித்த ஆராய்ச்சியாளர்கள், அவர்களுள் நால்வர் ஓயாத பூஞ்சைத் தொற்றால் வருந்தியதையும், வேறு மூவர் இளமையிலேயே இறந்துவிட்டதையும், அம்மூவருள் இருவர் மூளையில் கேண்டிடா என்னும் பூஞ்சை புகுந்த பின் மாண்டதையும் கண்டு, அதன் மூலத்தைத் தேடி, கார்ட்-9 என்னும் ஒரே மரபணுவில் நேர்ந்த பிழையை 2009-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். வெள்ளணுக்களின் மேற்புறத்தில், பூஞ்சையின் சுவரிலுள்ள சர்க்கரைப் பொருள்களைத் தொட்டறியும் ஏற்பிகள் சில உண்டு. அவை தொட்டறிந்த செய்தியை அணுவின் உள்ளே கொண்டு சேர்க்கும் தூதனே இந்தக் கார்ட்-9 புரதம். தூதன் இல்லையேல் பூஞ்சை வந்திருப்பதே அணுவுக்கு உறைப்பதில்லை. பாக்டீரியாவும் வைரஸும் வந்த செய்தியோ வேறு மார்க்கங்களால் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 2013-ஆம் ஆண்டில், அல்ஜீரியா, துனிசியா, மொராக்கோ தேசங்களைச் சேர்ந்த எட்டுக் குடும்பங்களில் ஆழ்ந்த படர்தாமரையால் வருந்திய 17 பேரைச் சோதித்தபோது, பதினேழு பேரிடமும் அதே மரபணு பழுதாகியிருந்தது. அவர்களுள் நால்வர் 28, 29, 37, 39 வயதுகளில் இறந்தார்கள். உயிரோடிருந்தவர்கள் 37 முதல் 75 வயது வரை உள்ளவர்கள். படர்தாமரை தவிர வேறெந்தக் கடுமையான தொற்றும் அவர்களை அண்டியதாகத் தெரியவில்லை. எழுபத்தைந்து வயது வரை பாக்டீரியாவையும் வைரஸையும் வென்று வாழ்ந்த மனிதரை 'எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்' என்று பொதுப்படச் சொல்லி டானிக் எழுதிக் கொடுப்பதில் என்ன பொருள் இருக்கிறது என்பதை எதிர்க்கட்சியார்தாம் சொல்ல வேண்டும்.

கார்ட்-9 குறைபாடு மிகச் சிலருக்கே உள்ளது என்று ஒதுக்குவார்களானால், அதைவிட அதிகமாகக் காணப்படும் ஒன்றைச் சொல்கிறேன். 1957-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டாவில் ராபர்ட் குட் முதலிய மருத்துவர்கள், சீழ்க்கட்டிகளும் நுரையீரல் தொற்றும் மாறி மாறி வந்து சிறுவர்களைக் கொல்லும் ஒரு வியாதியை, மரணம் விளைவிப்பது என்று பெயரிலேயே குறித்து வருணித்தார்கள். நாள்பட்ட கிரானுலோமா நோய் என்று இன்று அதற்குப் பெயர். கிருமியை விழுங்கிய வெள்ளணு, பிராணவாயுவை உக்கிரமான ரசாயனமாக மாற்றி அதைக் கொல்லத் தொடங்க வேண்டும். அம்மாற்றத்தைச் செய்யும் நொதியின் ஏதேனும் ஒரு பகுதி பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு, வெள்ளணு கிருமியை விழுங்குமே தவிரக் கொல்லமாட்டாது. ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் வித்துக்களை நாம் ஒவ்வொருவரும் தினந்தோறும் நூற்றுக்கணக்கில் சுவாசிக்கிறோம். நமக்கு ஒன்றும் ஆவதில்லை. இப்பிள்ளைகளுக்கோ அது நுரையீரலில் வேர்விட்டு, விலா எலும்பையும் முதுகெலும்பையும் அரித்துச் செல்லும். அதிலும், ஆஸ்பர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்னும் இனம், வேறெந்த நோயாளியிடமும் அநேகமாகக் காணப்படாமல், இந்த ஒரு குறைபாடு உள்ளவர்களையே பெரும்பாலும் தாக்குகிறது. பூஞ்சை பலவீனர் யாவரையும் பேதமின்றிப் பற்றுவது உண்மையானால், இந்தப் பூஞ்சை இவ்வளவு பட்சபாதத்தோடு நடந்துகொள்வானேன்?

இந்நோயைக் கண்டறிவதற்குக் கோடி ரூபாய் யந்திரம் வேண்டும் என்று நினைப்பவர்கள், 1968-லிருந்து வழக்கத்தில் உள்ள ஒரு பழைய சோதனையை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். மஞ்சள் நிறமான ஒரு சாயத்தைச் சில சொட்டு ரத்தத்தோடு கலந்து, வெள்ளணுக்களைத் தூண்டி, உடல் வெப்பத்தில் சற்று நேரம் வைத்திருந்து, கண்ணாடித் தகட்டில் தடவி உருப்பெருக்கியில் பார்த்தால், ஆரோக்கியமானவருடைய வெள்ளணுக்களுக்குள் அந்த மஞ்சள் சாயம் கருநீலத் துகள்களாக மாறி, மையைக் கொட்டியதுபோல் படிந்திருக்கும். நோயுற்ற சிறுவனுடைய தகட்டில் ஓர் அணுவிலும் நீலம் இராது. நோய் எக்ஸ் குரோமோசோம் வழியாக வந்ததாயின், அடுத்து அவனுடைய தாயின் ரத்தத்தை அவ்வாறே வைத்துப் பார்த்தால், சில அணுக்கள் நீலமாகவும் சில வெளுத்தும் கலந்து கிடக்கும். அவளிடமுள்ள இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று பழுதானது என்பதும், ஒவ்வோர் அணுவிலும் இரண்டில் ஒன்றே வேலை செய்கிறது என்பதும் அந்த ஒரு தகட்டில் பிரத்தியட்சமாகத் தெரியும். இன்று ஆய்வுக்கூடங்கள் டி.எச்.ஆர். என்னும் நவீன முறையைக் கையாளுகின்றன. அது இன்னும் நுட்பமானது. பாய்ம அணுமானி என்னும் கருவி வேண்டும், ரத்தமும் ஒருநாளைக்குள் புதிதாகப் போய்ச் சேர வேண்டும். சண்டிகரிலும் மும்பையிலும் வேலூரிலும் இவற்றைச் செய்கிறார்கள். இல்லாதது சோதனையன்று, சோதிக்க வேண்டும் என்று தோன்றுவதுதான்.

அது தோன்றாமையால் நேரும் விபரீதத்தை நம் தேசத்து எதிர்ப்புச் சக்தி நோய்த் துறையினர் நன்கு அறிவார்கள். நுரையீரல் படத்தில் நிழல், நெடுநாள் சுரம், மெலிவு, திசுவைக் கிள்ளி எடுத்துப் பார்த்தால் கிரானுலோமா. இவை யாவும் நம் ஊரில் காசநோய் என்றே பொருள்படுவதால், கோழையில் காசக் கிருமி காணப்படாவிடினும் காசநோய் மாத்திரையைத் தொடங்கிவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்தும் குணமில்லையாயின், மருந்துக்கு அடங்காத காசம் என்று கடுமையான மருந்துக்கு மாற்றுகிறார்கள். அதற்குள் பூஞ்சை விலா எலும்பைக் கடந்திருக்கும். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசியின் பக்கத்து அக்குளில் நெறி கட்டிச் சீழ் வைத்தது என்று தாய் சொல்வாளானால், அந்த ஊசியிலிருக்கும் வலிமை குன்றிய கிருமியைக்கூட இக்குழந்தையால் அடக்க முடியவில்லை என்பதற்கு அது சாட்சி. ஆனால் அதைக் கேட்பதற்கு ஒருவர் வேண்டுமே.

இனி, பெயர் தெரிந்து என்ன பிரயோஜனம் என்னும் கேள்விக்கு வருவோம். குழந்தையின் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிராடைபோல் வெள்ளை படிந்து, மருந்து தடவினால் போய், நிறுத்தினால் திரும்பி, வருஷக்கணக்காக விடாமல் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். பூஞ்சை ஒன்றேதான், கேண்டிடா. ஆனால் அதன் பின்னால் உள்ள காரணங்கள் வெவ்வேறு. ஏர் என்னும் மரபணு பழுதாயிருந்தால், சரீரம் தன் சுரப்பிகளையே தாக்கத் தொடங்கும்; இன்று வாயில் வெள்ளை, சில வருஷங்களில் பாராதைராய்டு சுரப்பி கெட்டுக் கால்சியம் குறைந்து வலிப்பு, அதன்பின் அட்ரீனல் சுரப்பி கெட்டு, ஒரு சாதாரணச் சுரத்தின்போது ரத்த அழுத்தம் சரிந்து மரணம். பின்லாந்தில் ஏறக்குறைய 25,000 பேருக்கு ஒருவரிடம் காணப்படும் இவ்வியாதியின் மரபணு 1997-ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது. மாறாக, ஸ்டாட்-1 என்னும் மரபணு அளவுக்கு மீறி வேலை செய்வதால் அதே வெள்ளை படிந்திருந்தால், அந்த மிகுதியைத் தணிக்கும் ருக்சோலிடினிப் என்னும் மருந்து சிலருக்குப் பயன்பட்டிருக்கிறது. கவனியுங்கள்: இங்கே நோய்க்குக் காரணம் சக்தியின் குறைவன்று, மிகுதி. எதிர்ப்பை வளர்க்கிறேன் என்று புறப்படுபவர் இந்தக் குழந்தைக்கு எதை ஊற்றி எதை நிரப்புவார்? பெயர் தெரியாமல் இருவருக்கும் ஒரே களிம்பைத் தடவிக்கொண்டிருந்தால், முன்னவன் அட்ரீனல் நெருக்கடியில் எச்சரிக்கையின்றி இறப்பான். பின்னவனுக்குக் கிடைக்கக்கூடிய நிவாரணம் கிடைக்காமலே போகும்.

கிரானுலோமா நோயிலும் அப்படியே. பெயர் தெரிந்தால் நாள்தோறும் கோட்ரைமாக்சசோல் மாத்திரை கொடுத்துப் பாக்டீரியாவைத் தடுக்கலாம். அதன் விலை ஏழைக்கும் எட்டக்கூடியது. இட்ராகோனசோல் கொடுத்துப் பூஞ்சையைத் தடுக்கலாம்; 39 நோயாளிகளுக்கு மருந்தையும் வெற்று மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்து 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், வெற்று மாத்திரைக் காலத்தில் ஏழு பேருக்குக் கடும் பூஞ்சைத் தொற்று வந்தது, மருந்துக் காலத்தில் ஒருவருக்கே வந்தது; சிறிய ஆய்வுதான், ஆயினும் இத்தகைய வியாதியில் அதைவிடப் பெரிய ஆய்வை எதிர்பார்ப்பது நியாயமன்று. இவற்றினும் மேலாக, காசே செலவில்லாத ஒரு வைத்தியம் இருக்கிறது. எருக்குழியைக் கிளறும்போது அருகில் நிற்காதே, வைக்கோற்போரில் ஏறி விளையாடாதே, மக்கிய சருகை அள்ளாதே, பழைய வீட்டை இடிக்கும் இடத்துக்குப் போகாதே என்று சொல்லி வளர்ப்பதுதான் அது. தோட்டத்து மக்கிய இலைதழையைக் கிளறிய சில நாட்களுக்குள் மூச்சுத்திணறி, இரண்டு நுரையீரலும் பூஞ்சையால் நிறைந்து மருத்துவமனைக்கு வந்த பின்னரே, தமக்கு இப்படியொரு பிறவிக் குறை இருப்பதை முதன்முதலாக அறிந்தவர்களும் உண்டு. நோயின் பெயரைச் சொல்லாமல் ஒரு கிராமத்துத் தாயிடம் வைக்கோற்போருக்கு அஞ்ச வேண்டும் என்று எப்படிச் சொல்வது? ஒரு காலத்தில் பத்து வயதைக் காணாமல் இறந்த இப்பிள்ளைகளுள் பெரும்பாலோர் இன்று மேல்நாடுகளில் பெரியவர்களாகி வேலை பார்க்கிறார்கள். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையால் அடியோடு குணமானவர்களும் இருக்கிறார்கள். நம் மத்திய அரசாங்கம் 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட அரிய நோய்க் கொள்கையில், ஒரே முறைச் சிகிச்சையால் குணமாகக்கூடியவை என்னும் முதல் வகுப்பில் இந்நோயின் பெயரைச் சேர்த்திருக்கிறது. உதவித் தொகையின் உச்சவரம்பு அடுத்த ஆண்டில் 50 லட்ச ரூபாய் வரை உயர்த்தப்பட்டது. நோயின் பெயர் ஏட்டில் இருக்கிறது, பணமும் ஏட்டில் இருக்கிறது. நோயாளிக்குத்தான் தன் நோயின் பெயர் தெரியவில்லை.

அபூர்வம் என்னும் வாதத்தை இப்போது எடைபோடலாம். கிரானுலோமா நோய் அமெரிக்காவில் இரண்டு லட்சம் முதல் இரண்டரை லட்சம் பிறப்புக்கு ஒன்று என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் தேசத்தில் ஆண்டுக்கு இரண்டு கோடிக்கு மேல் குழந்தைகள் பிறக்கின்றன. அதே விகிதம் இங்கும் என்று கொண்டாலும், இந்த ஒரு நோயோடு மட்டும் ஆண்டுதோறும் ஏறக்குறைய நூறு குழந்தைகள் பிறக்க வேண்டும். எதிர்ப்புச் சக்தியின் பிறவிக் குறைகளாக இதுவரை பிரித்தறியப்பட்டவையோ 500-க்கும் மேல். ஒவ்வொன்றும் தனித்தனியே அபூர்வந்தான். ஐந்நூறு அபூர்வங்கள் சேர்ந்தால் அது அபூர்வமன்று. தவிரவும், தேடாததால் கிடைக்கவில்லை, கிடைக்காததால் அபூர்வம், அபூர்வமாதலால் தேட வேண்டியதில்லை என்று சுற்றிச் சுற்றி வருவதைத் தர்க்க சாஸ்திரத்தில் சேர்க்க முடியாது.

அபூர்வமான பூஞ்சையைக் கண்டு 'இது ஏன் இவரிடம்?' என்று ஒருவர் கேட்டதால் உலகம் அடைந்த நன்மைக்கு வேறோர் உதாரணமும் உண்டு. 1981-ஆம் ஆண்டு ஜூன் மாதம், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் அதுவரை ஆரோக்கியமாயிருந்த ஐந்து இளைஞர்களுக்கு நியூமோசிஸ்டிஸ் நிமோனியா வந்ததாக ஒரு சிறு குறிப்பு வெளியாயிற்று. அக்கிருமியை அப்போது ஒட்டுண்ணி வகையில் வைத்திருந்தார்கள். பிற்பாடுதான் அது பூஞ்சை என்று தெளிந்தது. பிறவிக் குறையுள்ள சிசுக்களிடமும் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரிடமும் தவிர அதைக் கண்டவர் அரிது. ஏறக்குறைய அக்காலத்திலேயே, அதற்குரிய அபூர்வ மருந்துக்காக வழக்கத்துக்கு மாறாகக் கோரிக்கைகள் வருவதை, மருந்து வழங்கும் அரசாங்க அலுவலகத்தில் பணிபுரிந்த ஓர் அம்மையார் கவனித்து மேலிடத்துக்குத் தெரிவித்திருந்தார். ஐந்தே பேர்தானே என்று அந்தத் தாள்களைக் கோப்பில் கட்டி வைத்திருந்தால், எய்ட்ஸ் என்னும் வியாதியை உலகம் இன்னும் எத்தனை காலம் கழித்து அறிந்திருக்குமோ!

எஞ்சியிருப்பது ஒரே ஆட்சேபம். 'இதெல்லாம் சொந்தத்துக்குள் கட்டுவதால் வரும் வினை. அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டுவதை நிறுத்தினால் இவ்வியாதிகள் தாமே ஒழியும். அதைச் சொல்வதை விட்டுச் சோதனை, சிகிச்சை என்று ஏன் அலைய வேண்டும்?' என்கிறார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை மறைக்கமாட்டேன். இரண்டு பிரதியும் பழுதானால்தான் வரும் வியாதிகள், உறவுக்குள் மணப்பவர்களிடையே பெருகும். அத்தை மகளையோ மாமன் மகளையோ மணந்தவர்களின் குழந்தைக்கு எந்த ஒரு மரபணுவும் இரண்டு பிரதியாக ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் சாத்தியம் பதினாறில் ஒன்று. அக்காள் மகளை மணந்தால் எட்டில் ஒன்று. இந்தியாவில் இவ்வழக்கம் மிகுந்த மாநிலங்களுள் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. ஈரானிலும் துருக்கியிலும் கிரானுலோமா நோய் பெரும்பாலும் இவ்வழியாகவே வருகிறது. ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அந்நோயாளிகளுள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் எக்ஸ் குரோமோசோம் வழியாக வருபவர்கள். அதற்கும் உறவு மணத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஸ்டாட்-1 மிகுதிக்கு ஒரு பிரதி பழுதானாலே போதும். தாய் தகப்பன் இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றும் பிழைகளும் உண்டு. மேலும், கல்யாணத்துக்கு முன் சொல்ல வேண்டிய உபதேசத்தை, பூஞ்சை பற்றிய குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நிற்கும் தாயிடம் சொல்வதால் அக்குழந்தைக்கு ஆவதென்ன? தாய்வழி வரும் நோய் என்று தெரிந்ததும் அவளை ராசியில்லாதவள் என்று ஒதுக்கும் வீடுகளும் இருக்கின்றன. மைக்கறையும் வெளுப்பும் கலந்த அந்த ஒரு தகட்டைக் கொண்டு அவள்மேல் குற்றம் சாட்டுவது எவ்வகையிலும் தர்மமாகாது. அடுத்த கருவில் என்ன செய்யலாம் என்று அவளுக்கு வழிகாட்டவே அது பயன்பட வேண்டும்.

ஆகவே மருத்துவ நண்பர்களிடம் ஒரு விண்ணப்பம். சர்க்கரையோ ஸ்டீராய்டோ எச்.ஐ.வி.யோ புற்றுநோயோ இல்லாத ஒருவரிடம், குழந்தையானாலும் நாற்பது வயதுக்காரரானாலும், நுரையீரலிலோ எலும்பிலோ மூளையிலோ பூஞ்சையைக் கண்டால், அல்லது படர்தாமரை தோலுக்கு அடியில் முடிச்சாக இறங்கக் கண்டால், பூஞ்சை மருந்தைத் தொடங்கிய அன்றே இரண்டு மில்லி ரத்தத்தை டி.எச்.ஆர். சோதனைக்கு அனுப்புங்கள், அதில் குற்றம் காணப்படாவிட்டால் மரபணுச் சோதனைக்கு எழுதுங்கள். அதற்கும் முன்பாக, எதிரே உட்கார்ந்திருக்கும் தாயிடம், அவளோடு உடன்பிறந்த ஆண்களுள் சிறு வயதிலேயே இறந்தவர் உண்டா, எதனால் இறந்தார் என்று கேட்டு, அவள் சொல்லும் விடையை நோயாளிச் சீட்டில் எழுதி வையுங்கள்.